60,000 வெள்ளியும் ஒரு வாளியும்: செந்தூலில் ஒரு நூலக மானியம் போன வழி

2020 ஜூன் மாதம், இரண்டாவது சனிக்கிழமை. நூலகத்தின் இரும்புக் கதவை மேலே தள்ளினேன். மார்ச் 18-இல் கோவிட்டுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை. கதவு பாதி ஏறும்போதே வாடை வந்துவிட்டது; மழையில் நனைந்த சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு வைத்தால் வருமே, அந்த வாடை. உள்ளே ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் இரண்டும், மானியத்தில் வாங்கி அறவாரியத்தின் சின்னம் ஒட்டியவை, வைத்த இடத்திலேயே நின்றன. ஓடவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அடியில் இருக்கும் வாளி நிறைந்தால் அந்த இயந்திரம் தானாக நின்றுவிடும், யாராவது எடுத்துக் கொட்டினால்தான் திரும்ப ஓடும். பூட்டிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வாளி நிறைந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் 80 நாளுக்கு மேல் அந்த அறையில் அசைந்தது எதுவும் இல்லை, பூஞ்சணத்தைத் தவிர. கோயில் கும்பாபிஷேக மலர்ப் புத்தகங்களை அடுக்கியிருந்த அலமாரித் தட்டில் கையை வைத்தேன், விரல் நுனி சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது.

இதை எழுதச் சொன்னவர்கள் பினாங்கிலும் கிள்ளானிலும் இதே மாதிரி சின்ன நூலகம் நடத்தும் நண்பர்கள். அறவாரியங்களிடம் பணம் கேட்கப் போகிறார்கள், நாங்கள் எங்கே விழுந்தோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். சரி, நான்தான் பொருளாளர், கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, எழுதுகிறேன். எங்களுக்கு மானியம் கொடுத்த அறவாரியத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை, நாங்கள் ஏமாந்தவர்களும் இல்லை. இரண்டு பக்கமும் நல்ல எண்ணத்தோடு சேர்ந்து செய்த தப்பு இது.

முதலில் நூலகம். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டின் முதல் மாடி, கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஊரை விட்டு வந்தவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த புத்தகங்களில் தொடங்கியது. ஏறக்குறைய 7,000 உருப்படிகள். அதில் நாவலும் கவிதையும் வேறு எங்காவது கிடைக்கும், ஆனால் பழைய தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் மலர்கள், தொழிற்சங்க அறிக்கைகள், தோட்டத்து நாடக விழாவின் நிகழ்ச்சி நிரல்கள், இவையெல்லாம் ஒரே ஒரு பிரதி என்று நினைக்கிறோம். சட்டப்படி அச்சிட்ட ஒவ்வொரு நூலிலும் 5 பிரதி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும், 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தீமிதித் திருவிழாவுக்கு 300 பிரதி அடித்த கோயில் செயலாளர் எந்த ஊரில் கோலாலம்பூருக்குத் தபால் அனுப்பினார்?

2017-இல் முதல் விண்ணப்பம் போட்டோம். நிராகரித்தார்கள், அதற்கு நூலகம் ஒரு காரணமே இல்லை. சங்கப் பதிவிலாகாவில் எங்கள் பெயர் மலாய் மொழியில் ஒரு மாதிரி இருந்தது, வங்கிக் கணக்கில் சுருக்கப் பெயர், கடிதத் தலைப்பில் தமிழ்ப் பெயர். மூன்றும் ஒரே சங்கம் என்று எங்களுக்குத் தெரியும், விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அதோடு ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய ஆண்டறிக்கை முந்தைய வருடம் போகவே இல்லை. முன்னாள் செயலாளர் அனுப்பியதாகச் சொன்னார், பதிவிலாகாவின் இணைய அமைப்பான இரோசஸில் பார்த்தால் அந்த வருடம் காலியாக இருந்தது. மானியம் கேட்கப் போகிறவர்கள் இலட்சிய வாக்கியங்களை எழுத உட்காருவதற்கு முன்னால் இந்த இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு வருடம் போனது.

அடுத்த வருடம் திரும்பப் போட்டோம், கிடைத்தது. 60,000 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், மூன்று தவணை: 24,000, இன்னொரு 24,000, அறிக்கை ஏற்கப்பட்டால் கடைசி 12,000. அன்றைக்குத் தலைவர் ஐயா எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், அவருடைய சொந்தக் காசில் என்பதைக் கணக்குக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பட்ஜெட்டை அப்படியே தருகிறேன், ஏனென்றால் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. மேலிருந்து படம் பிடிக்கும் ஸ்கேனர் 18,500. கணினி இரண்டும் வன்தட்டுகளும் 7,200. இரும்பு அலமாரிகள் 14,000. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரண்டு, 3,200. பட்டியல் தயாரிப்பவருக்கு மாதம் 800 வீதம் 12 மாதத்துக்கு 9,600. அதையும் 'சம்பளம்' என்று எழுதக் கூடாது, 'தொண்டர் படி' என்றுதான் எழுத வேண்டும். பயிற்சிப் பட்டறை 5,000. திறப்பு விழா, பதாகை 2,500. கூட்டிப் பாருங்கள், சரியாக 60,000 வரும். இதில் வாடகை இல்லை. மின்சாரம் இல்லை. கதவைத் திறக்கிற ஆள் இல்லை. அந்த இரண்டு இயந்திரங்களும் நாள் முழுக்க ஓடினால் மாதம் ஏறக்குறைய 200 வெள்ளி மின்கட்டணம் கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்த முதல் பில்லைப் பார்த்துவிட்டுச் செயற்குழு எடுத்த முடிவு: ராத்திரியில் அணைத்து வைப்போம்! கோலாலம்பூர் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தொடும், 65-ஐத் தாண்டினாலே காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்க வழி திறந்துவிடும். ராத்திரி அணைத்துப் பகலில் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற வேலை. கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மட்டும் தலைவர் ஐயா "ரெண்டு வாரம்தானே, போட்டுட்டே பூட்டுங்க" என்றார். வாளி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இயங்குசெலவு ஏன் தர மாட்டேன் என்கிறார்கள் என்று ஒருமுறை அந்த அறவாரிய அதிகாரியிடமே நேராகக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: பொருளுக்குக் கொடுத்தால் ஒருநாள் முடிந்துவிடும், சம்பளத்துக்கும் வாடகைக்கும் கொடுத்தால் நாங்கள் நிறுத்துகிற அன்றைக்கு நூலகம் மூடும், பழி எங்கள் மேல் விழும். நியாயமான பயம்தான். கேட்ஸ் அறக்கட்டளையே 1997-இலிருந்து நூலகங்களுக்குக் கணினியும் இணையமும் கொடுத்து, அதை உலகளாவிய திட்டமாக வளர்த்து, 2018-இல் அந்தத் துறையை முடித்துக்கொண்டது. கொடுப்பவர் என்றாவது ஒருநாள் எழுந்து போவார், அதில் தப்பில்லை.

ஆனால் இந்தச் சிக்கலுக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி. அவர் பணத்தில் உலகம் முழுக்க 2,509 நூலகங்கள் எழுந்தன, அமெரிக்காவில் மட்டும் 1,689. அவர் கட்டடத்துக்குத்தான் கொடுத்தார், புத்தகத்துக்கும் ஆளுக்கும் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை: ஊர்தான் நிலம் தர வேண்டும், கட்டடத்துக்கு நான் கொடுக்கும் தொகையில் 10 விழுக்காட்டை ஒவ்வொரு வருடமும் நூலகம் நடத்த ஊர் வரிப்பணத்திலிருந்து ஒதுக்குவதாக முதலிலேயே உறுதி தர வேண்டும். சில ஊர்கள் அதற்குப் பயந்தே வேண்டாம் என்றன. அவர் தொழிலாளிகளை நடத்திய விதம் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அது வேறு கதை, இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: 60,000 வாங்கினால் வருடத்துக்கு 6,000 எங்கிருந்து வரும் என்று யாராவது ஒரு வரி கேட்டிருந்தால், நாங்கள் விழித்திருப்போம். விண்ணப்பப் படிவத்தில் 'நிலைத்தன்மை' என்று ஒரு கட்டம் இருந்தது, உண்மைதான். அதில் நாங்கள் எழுதியது 'சமூகத்தின் ஆதரவோடு தொடரும்' என்று ஒரே வாக்கியம். எழுதியவன் நான்தான். படித்தவர் அதற்கு மதிப்பெண்ணும் போட்டார்!

அப்புறம் அந்தத் தொண்டர். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த பெண், நூலகவியல் மாணவி. அவர் வந்த இரண்டாம் வாரமே என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இங்க பாதி புத்தகத்துக்கு ஒரே நம்பர்தான் வருது" என்று சிரித்தார். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. வேறொரு நூலகத்தில் ஒரு தட்டுக்கு வரும் எண் எங்களிடம் நான்கு அலமாரிக்கு வந்தது. அவரே யோசித்து, மலேசிய எழுத்தாளர்களுக்குப் பச்சை நாடா, சிங்கப்பூருக்கு மஞ்சள், தமிழ்நாட்டுக்கு நீலம், இலங்கைக்குச் சிவப்பு என்று முதுகில் ஒட்டினார். 'கோஹா' என்ற நூலக மென்பொருளை நிறுவினார். நியூசிலாந்தில் ஒரு சின்ன வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் இலவசமாக வெளிவந்தது அது, உரிமக் கட்டணம் ஒரு காசு கிடையாது. வாசகர்களுக்கு அவரைத் தெரிந்தது, சனிக்கிழமை மாலை வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் வாசலிலேயே "பாப்பா இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாடியேறுவார். இல்லையென்றால் கீழேயே திரும்பிவிடுவார்.

12 மாதம் முடிந்தது. படி நின்றது. அவருக்கு வேலை கிடைத்தது, போனார், வாழ்த்தித்தான் அனுப்பினோம். போகும்போது கடவுச்சொல்லிலிருந்து நாடாவின் நிறம் வரை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆனால் அவர் போன பிறகு ஸ்கேனரில் உட்கார்ந்தவர்கள் ஆர்வம் மட்டுமே உள்ள ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்கள், அவர்கள் முன்னால் ஒரு எண் தொங்கியது: 20,000 பக்கம். அறவாரியத்துக்கு நாங்கள் வாக்குக் கொடுத்த இலக்கு.

இந்த எண் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாங்கள் பணம் கேட்டதே அந்த ஒற்றைப் பிரதி மலர்களுக்காக. அவை மெலிந்தவை, 24 பக்கம், 32 பக்கம், கம்பி துருப்பிடித்து நடுப்பக்கம் தனியாக வரும், ஒன்றைத் திறந்து படமெடுக்க அரை மணி நேரம் ஆகும். இராமபாணப் பூச்சி அரித்த பக்கத்தை ஊதிக்கூடப் பார்க்கக் கூடாது. ஆனால் பக்கக் கணக்கு வேண்டும் என்றால் யார் மலரைத் தொடுவார்கள்? 600 பக்க நாவலை எடுத்து வைத்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். அப்படித்தான் ஆனது. இலக்கைத் தாண்டி 21,000 பக்கம் எடுத்தோம், அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இன்றும் கடையில் கிடைக்கிற புத்தகங்கள். அவற்றை இணையத்தில் ஏற்றவும் முடியாது. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை இருக்கிறது, அவர்களில் பலர் நேற்றுவரை இருந்தவர்கள். மலர்களில் 340 மட்டும் எடுத்திருந்தார்கள். கோப்புகளைத் திறந்து பார்த்தால் பெயர் 'ஸ்கேன் 0001', 'ஸ்கேன் 0002'. எந்தக் கோயில், எந்த வருடம், ஒன்றும் இல்லை. பக்கம் கேட்டார்கள், பக்கம் கொடுத்தோம், பெயரை யாரும் கேட்கவில்லையே.

இதற்கு மாறாக வேலை செய்யும் திட்டங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் ஆர்காடியா அறக்கட்டளையின் பணத்தில் 2004-இலிருந்து நடக்கிறது. அவர்கள் பட்ஜெட்டில் படமெடுக்கிற உள்ளூர் ஆளுக்கும் பட்டியல் எழுதுகிறவருக்கும் சம்பளம் உண்டு, மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகக் குவியல் அது, 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, ஆனால் கப்பல் ஏற்றாமல் 1994-இல் சென்னையிலேயே நூலகமாக நிறுவியது. நுண்படம் எடுக்கிறவர், காகிதம் ஒட்டுகிறவர், அட்டவணை எழுதுகிறவர் என்று ஆட்களை வைத்துத்தான் அது நூலகமானது. ஃபோர்டு அறக்கட்டளையே திட்டச் செலவுக்கு மேல் நிர்வாகச் செலவுக்குக் கொடுக்கும் பங்கை 10-இலிருந்து 20 விழுக்காடாகவும், 2023-இல் 25 ஆகவும் உயர்த்தியது. பணம் கொடுப்பவர்களிலேயே ஒரு சாரார் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று எங்கள் செயற்குழுவில் நான் சொல்லும்போதெல்லாம் இந்த ஒன்றைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

சரி, 2020-க்கு வருவோம். பூஞ்சணத்தைப் பார்த்த மறுவாரம் இறுதி அறிக்கை கேட்டு மின்னஞ்சல் வந்தது. படங்கள் வேண்டும், பக்க எண்ணிக்கை வேண்டும், மாத வருகையாளர் எண்ணிக்கை வேண்டும். மூடிக்கிடந்த மாதங்களுக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். கெட்டுப்போன மலர்கள் 61 என்றும் எழுதினேன். செயற்குழுவில் இரண்டு பேர் அதை எழுத வேண்டாம் என்றார்கள், கடைசித் தவணை போய்விடும் என்ற பயம். அது ஆறு மாதம் தாமதமாகி வந்தது, வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன்: அந்த 61-ஐ எழுதியதற்கு அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

அதற்குப் பிறகுதான் வாடகையைப் பற்றி ஒழுங்காக உட்கார்ந்து பேசினோம். மாதம் 900 வாடகை, இயந்திரம் ஓடினால் மின்சாரம் 380 வரை. தலைவர் ஐயா பழைய கதை ஒன்றைச் சொன்னார், அவர் அப்பா சொல்லிக் கேட்டது. ஐம்பதுகளில் தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. தோட்டத் தொழிலாளிகளும் ஒரு வெள்ளி கொடுத்தார்களாம், இந்திய ஆய்வியல் துறை 1956-இல் வந்தது. "அவங்க ஒரு வெள்ளி குடுத்தாங்க. நம்ம பிள்ளைங்க ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய் காசு குடுக்க மாட்டாங்களா?" என்றார். மாதம் 30 வெள்ளி, வங்கியில் நிரந்தரக் கட்டளை, தானாகக் கழியும். 40 பேரைப் பிடிக்க எட்டு மாதம் ஆனது. 40 பேர், மாதம் 1,200. வாடகையும் மின்சாரத்தின் பெரும்பகுதியும் அதில் போகிறது. விழா வைத்து ஒரே நாளில் திரட்டியிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும், ஆனால் அந்தப் பணம் ஒரே வருடத்தில் கரைந்திருக்கும்.

கொஞ்சம் பெரிதாகக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது வரிவிலக்கு ரசீது. வருமானவரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் எங்களிடம் இல்லை, அது நீண்ட படலம். ஆனால் நூலகத்துக்கென்றே சட்டத்தில் தனி வழி இருப்பது எங்களுக்குத் தெரியாமலே இருந்தது: பொதுமக்கள் பயன்படுத்தும் நூலக வசதிக்கு ஒரு நிறுவனம் செய்யும் செலவில் 100,000 ரிங்கிட் வரையும், தனிநபர் தரும் நன்கொடையில் 20,000 ரிங்கிட் வரையும் கழிவு கேட்கலாம். உறுப்பினர் ஒருவரின் மகள் கணக்காய்வாளர், அவர் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் நூலகம் அதற்குப் பொருந்துமா என்று உங்கள் கணக்காய்வாளரிடமே கேளுங்கள், 'பொதுமக்கள்' என்ற சொல்தான் அங்கே முக்கியம். உறுப்பினருக்கு மட்டும் என்று பலகை தொங்கினால் பொருந்தாது. எங்கள் வாசலில் அப்படித்தான் ஒரு பலகை தொங்கியது, மறுநாளே கழற்றினோம்.

2022-இல் வேறொரு அறவாரியத்துக்கு எழுதினோம். இந்தமுறை பட்ஜெட்டைத் தலைகீழாகப் போட்டேன்: முதல் வரி ஆள், பகுதிநேரம், 24 மாதம். இரண்டாவது மின்சாரம். மூன்றாவது மலர்களுக்கு அமிலமில்லாப் பெட்டிகள். கருவி ஒன்றுகூடக் கேட்கவில்லை. இலக்காகப் பக்க எண்ணிக்கையை எழுதாமல், 'எந்த ஊர், எந்த அமைப்பு, எந்த வருடம் என்று தேடினால் கிடைக்கிற மலர்கள் 200' என்று எழுதினேன். நிலைத்தன்மைக் கட்டத்தில் 40 பேரின் வங்கிக் கட்டளைப் பட்டியலை, பெயரை மறைத்து, இணைத்தேன். 35,000 கேட்டோம், 22,000 கொடுத்தார்கள். நேர்காணலில் ஒருவர், "புதுசா ஒண்ணும் வாங்கலையா, ஆண்டறிக்கையில போட ஒரு படமாவது வேணுமே" என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். படத்துக்கு நிற்க ஆள் இருக்கிறார் சார் என்றேன். சிரித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் முதுகில் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கிறது. கையேட்டின் ஆறாவது பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள்: மூடியைக் கழற்றிக் குழாய் மாட்டினால் தண்ணீர் வாளிக்குப் போகாமல் நேராக வெளியே போய்விடும். கீழே பட்டறைக்காரப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்கு ஒரு ஹோஸ் போதும்" என்று சொல்லி, 12 வெள்ளிக்கு வாங்கி வந்து கைகழுவும் தொட்டிக்கு விட்டுக் கட்டினான். 2019-இலேயே யாராவது அந்தக் கையேட்டைப் புரட்டியிருக்கலாம்.

புதிதாக வந்திருக்கும் பகுதிநேர ஊழியர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து, 'ஸ்கேன்' என்று தொடங்கும் கோப்பு ஒவ்வொன்றாகத் திறந்து, அட்டையைப் படித்து, பெயரை மாற்றுகிறார். அட்டை கிழிந்திருந்தால் உள்ளே விளம்பரம் கொடுத்த கடையின் விலாசத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கிறார், தலைவர் உரையில் வரும் வெள்ளி விழா, பொன்விழாவை வைத்து வருடத்தைக் கணக்குப் போடுகிறார். 340-இல் இப்போது 112-ஆவதில் இருக்கிறார். போன வாரம் ஒரு பள்ளி மலரில் ஆசிரியர்கள் வரிசையாக நிற்கும் படத்தைக் காட்டி, இரண்டாவது வரிசையில் இடது ஓரம் நான்தான் என்றார்.